நிறுத்தி வைத்த பழைய பைக்கில் பெட்ரோல் ஒழுகுகிறதா? கார்பரேட்டரைச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

பல மாதங்களாக நின்ற பைக்கை வெளியே எடுத்து, பெட்ரோல் ஊற்றி, டேங்குக்கு அடியில் இருக்கும் டேப்பைத் திறந்த சில நிமிடங்களில் தரை நனைகிறது. மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனால், "கார்பரேட்டரையே மாத்திடலாங்கண்ணா, வேலை சுளுவா முடிஞ்சிடும்" என்பார். அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்ப்ளெண்டர், புல்லட் போன்ற வண்டிகளில் கம்பெனி பொருத்திய கார்பரேட்டர், கொஞ்சம் தேய்ந்திருந்தாலும், இன்று மலிவாகக் கிடைக்கும் நகல் கார்பரேட்டரைவிட நன்றாக வேலை செய்யும் என்பது என் கணிப்பு. கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் விரல்நுனி அளவுள்ள ஒரு நீடிலோ, ஒரு ரப்பர் வளையமோதான். அது எது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குள் அனுப்பும் கார்பரேட்டர் எப்படி இயங்குகிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. கார்பரேட்டருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தை மெக்கானிக்குகள் கப் என்பார்கள். டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கி இந்தக் கப்பை நிரப்பும். பெட்ரோல் ஏற ஏற உள்ளே இருக்கும் ஃப்ளோட் மிதந்து எழும்பி, ஒரு சின்ன நீடிலைப் பித்தளைத் துவாரத்துக்குள் அழுத்தி வழியை அடைக்கும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் பந்து வால்வு செய்கிற வேலைதான். நீடில் சரியாக அடைக்காவிட்டால் கப் நிரம்பி வழியும். ஓவர்ஃப்ளோ குழாய் உள்ள கார்பரேட்டரில் அது வெளியே சொட்டும். நம் கண்ணுக்குத் தெரியும். குழாய் இல்லாத அல்லது அடைத்துக்கொண்ட கார்பரேட்டரில் பெட்ரோல் என்ஜினுக்குள்ளேயே போய்விடும். இது தரையை நனைக்காது, ஆனால் இதுதான் ஆபத்தானது.

சேலத்தில் ஒரு கோளாறு, ஏற்காட்டில் வேறு கோளாறு

வண்டி எங்கே நின்றது என்பதைப் பொறுத்து உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். சேலத்தில் சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் ஒரு கோடை முழுக்க நின்ற வண்டியில், கப்பில் இருந்த பெட்ரோல் ஆவியாகி, வார்னிஷ் போன்ற பிசின் படிந்திருக்கும். நீடில் அந்தப் பிசினில் ஒட்டிக்கொண்டிருக்கும். கப்பின் விளிம்பை அடைக்கும் ரப்பர் கேஸ்கட் காய்ந்து இறுகிப்போயிருக்கும்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் கதை வேறு. அங்கே பனிமூட்டமும் மழை ஈரமும்தான் எதிரி. பாதி காலியான டேங்குக்குள் ஈரக்காற்று போய் வந்து, இரவுக் குளிரில் உள்சுவரில் நீராகப் படியும். அடியில் தண்ணீர் தேங்கும், துரு பிடிக்கும். கார்பரேட்டர் கப்பின் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். துருத் துகள் ஒன்று நீடிலின் நுனியில் உட்கார்ந்தாலே போதும், கப் வழியத் தொடங்கிவிடும்.

இதோடு எத்தனாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்து, இப்போது பரவலாகக் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். 1980களிலும் 90களிலும் செய்த ரப்பர் பாகங்கள் இந்தக் கலவையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பும், மிருதுவாகும், அப்புறம் காய்ந்தால் வெடிக்கும்.

கை வைக்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து போய், நாம் எதிர்பார்க்காத மூலையில் தீப்பிடிக்கும். அதனால் போர்டிகோவில் வேண்டாம், மூடிய ஷெட்டிலும் வேண்டாம். காற்றோட்டமான வாசலில் செய்யுங்கள். பக்கத்தில் சமையல் அடுப்பு, விளக்கு, சார்ஜ் ஏறும் இன்வெர்ட்டர் எதுவும் கூடாது. பேட்டரி உள்ள வண்டியென்றால் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஒரு வாளி மணலைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் போதும், கண்ணாடி பல்பு தொங்கவிடாதீர்கள்.

கழற்றும் முன் கண்டுபிடியுங்கள்

டேப்பை மூடுங்கள். கார்பரேட்டரையும், ஹோஸையும், டேப்பின் அடிப்பகுதியையும் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். அப்புறம் முகத்துக்குப் போடும் பவுடரை அந்த இடமெல்லாம் லேசாகத் தூவி, கீழே பழைய செய்தித்தாளை விரியுங்கள். வண்டி நடு ஸ்டாண்டில் நேராக நிற்கட்டும். சைட் ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் ஃப்ளோட்டும் சாயும், நல்ல கார்பரேட்டர்கூட ஒழுகலாம். இப்போது டேப்பைத் திறந்துவிட்டுப் பொறுமையாகப் பாருங்கள். பெட்ரோல் எங்கே முதலில் எட்டிப் பார்க்கிறதோ அங்கே பவுடர் கறுத்து ஒரு கோடு விழும்.

டேப்பின் கைப்பிடியைச் சுற்றி ஈரம் என்றால் டேப்புக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது; கார்பரேட்டரைத் தொடவே வேண்டாம். ஹோஸ் மாட்டிய முனையில் ஈரம் என்றால் ஹோஸ் வெடித்திருக்கிறது, அல்லது கிளிப் தளர்ந்திருக்கிறது. கப்பும் உடலும் சேரும் கோட்டில் ஈரம் என்றால் கேஸ்கட். கப்பின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்குரூவில் சொட்டினால் அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங். ஓவர்ஃப்ளோ குழாயின் நுனியில் சொட்டினால் நீடில், ஃப்ளோட், அல்லது அந்தக் குழாயே. டேப்பை மூடிய பிறகும் நெடுநேரம் ஒழுகிக்கொண்டே இருந்தால், டேப்பும் சேர்ந்து கெட்டிருக்கிறது.

வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் பெட்ரோல் வாசனை தூக்கலாக இருக்கிறதா? கிக்கரில் கால் வைக்காதீர்கள். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். மட்டம் மேல்கோட்டைத் தாண்டி, ஆயில் நீர்த்து, பெட்ரோல் வாடை அடித்தால், என்ஜினுக்குள் பெட்ரோல் இறங்கியிருக்கிறது. கசிவைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்த ஆயிலில் ஓட்டினால் பேரிங்கும் பிஸ்டனும் தேயும். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் பிஸ்டனுக்கு அடியில் உள்ள கிராங்க் கேஸில் தேங்கும். கிக்கர் பாதியில் கல்லாக நின்றால் ஏறி மிதிக்காதீர்கள். டேப்பை மூடி, ப்ளக்கைக் கழற்றி, இக்னிஷனை அணைத்த நிலையில், ப்ளக் துவாரத்துக்கு நேரே முகத்தை நீட்டாமல் மெதுவாக மிதித்து வெளியேற்றுங்கள்.

முதலில் எளிய வைத்தியம்

ஓவர்ஃப்ளோவில் சொட்டுகிறது என்றால் ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். டேப்பை மூடி, வடிகால் ஸ்குரூவைத் தளர்த்திக் கப்பில் உள்ளதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். ஸ்குரூவை மூடி, டேப்பைத் திறந்து நிரப்பி, மீண்டும் வடியுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துகொண்டே ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் கப்பின் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். ஒட்டிக்கொண்ட நீடில் விடுபடும், துகள் இருந்தால் கழுவிக்கொண்டு போகும். சில வண்டிகளில் கசிவு இதிலேயே நின்றுவிடும்.

நின்றாலும் அந்த பாட்டிலை உற்றுப் பாருங்கள். அடியில் கண்ணாடிக் குமிழ்களாகவோ கலங்கிய அடுக்காகவோ தண்ணீர் நிற்கிறதா, சிவந்த மண் போலத் துரு படிகிறதா, பெட்ரோல் டீ நிறத்தில் புளித்த வாடை அடிக்கிறதா? இதில் எது இருந்தாலும் கசிவு திரும்ப வரும். டேங்க்தான் மூலகாரணம். கார்பரேட்டரை மட்டும் கழுவி, அழுக்கு டேங்கை அப்படியே மாட்டினால், அதே வேலையை அடுத்த வாரமும் செய்துகொண்டிருப்பீர்கள்.

கார்பரேட்டரைக் கழற்றுதல்

ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக எந்தக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதை. டேப்பை மூடி, ஹோஸைக் கழற்றி, கப்பை வடித்துவிடுங்கள். ஏர் ஃபில்டர் கிளாம்பைத் தளர்த்துங்கள். பல வண்டிகளில் என்ஜின் பக்கத்து இரண்டு போல்ட்டுகளை எடுத்தால் கார்பரேட்டர் அசைந்து வெளியே வரும். மேல் மூடியைத் திருகினால் ஆக்சிலரேட்டர் கேபிளோடு, காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடும், அதிலிருந்து தொங்கும் நீளமான நீடிலும் வரும். கேபிளைக் கழற்ற வேண்டியதில்லை. ஸ்லைடைச் சுத்தத் துணியில் சுற்றி ஒரு ஓரமாகக் கட்டி வையுங்கள். அந்த நீடில் வளைந்தால் தனிச் செலவு.

கப்பைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களிடம்தான் பலர் தோற்கிறார்கள். ஜப்பானிய வடிவமைப்புக் கார்பரேட்டர்களில் இருப்பது ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தர அளவிலான குறுக்கு ஸ்குரூ. சாதாரண ஸ்டார் ஸ்குரூடிரைவர் அதில் முழுவதும் உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். சரியான ஸ்குரூடிரைவர் இல்லையென்றால் ஒன்று வாங்குங்கள், கடைசிவரை உதவும். அசையாத ஸ்குரூவில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, ஸ்குரூடிரைவரின் முனையை அழுத்தி வைத்துத் தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். கப் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இடுக்கில் கத்தியை விட்டு நெம்பக் கூடாது. அந்தப் பரப்பில் விழும் ஒரு கீறலே புதிய கசிவாகிவிடும். மரக்கட்டையால் பக்கவாட்டில் தட்டினால் விடும்.

கப்பைத் திறந்ததும்

ஃப்ளோட்டைத் தாங்கியிருக்கும் மெல்லிய அச்சுக்கம்பியை வெளியே தள்ள வேண்டும். அது நிற்கும் இரண்டு தூண்களும் வார்ப்பு உலோகம், சுத்தியலுக்குத் தாங்காது. தூண் உடைந்தால் கார்பரேட்டர் போனதுதான். கம்பியின் எந்த முனை சற்றுப் பெரிதாக இருக்கிறதோ அந்தப் பக்கமாகவே வெளியே வரும்படி, எதிர்முனையிலிருந்து மெல்லத் தள்ளுங்கள். ஃப்ளோட்டைத் தூக்கும்போது நீடிலும் கூடவே வரும். கீழே ஒரு வெள்ளைத் தட்டை வைத்துக்கொள்ளுங்கள், விழுந்தாலும் கண்ணில் படும்.

இப்போது நீடிலின் கூம்பு நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பளபளப்பான நுனியைச் சுற்றி மெல்லிய வளையமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தால் அது தேய்ந்துவிட்டது. நகத்தை அதன்மேல் ஓட்டினால் தட்டும். அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, புதிது போட வேண்டும். நீடிலின் மறுமுனையில் ஸ்பிரிங் வைத்த குட்டி ஊசி இருந்தால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போய்த் தானாக வெளியே வர வேண்டும்.

நீடில் உட்காரும் பித்தளை சீட்டையும் கவனியுங்கள். கார்பரேட்டர் கிளீனரில் நனைத்த காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றுங்கள், பழுப்புப் பிசின் பஞ்சில் வரும். பச்சையாகப் படிந்திருந்தால் பித்தளை பாலிஷ் கொஞ்சம் தொட்டுச் சுழற்றி, பிறகு அதன் சுவடே இல்லாமல் கழுவிவிடுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. சீட் தனியாகத் திருகி எடுக்கும் வகையென்றால் நீடிலோடு ஜோடியாக மாற்றுங்கள். சின்ன கார்பரேட்டர்கள் பலவற்றில் அது அழுத்திப் பொருத்தியது, கழற்ற முயலாதீர்கள்.

ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டை. சந்தேகமாக இருந்தால் வீட்டுக்குள்ளிருந்து கொண்டு வந்த சுடுதண்ணீரில் அமுக்குங்கள், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும்.

அடுத்தது, பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம். கப்புக்குள் நிற்கும் பித்தளை ஓவர்ஃப்ளோ குழாயில், நாள்பட, முடி அளவு விரிசல் விழும். நீடில் புதிது, ஃப்ளோட் புதிது, ஆனாலும் சொட்டு நிற்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இதுதான். தனியாகக் கழற்றிய கப்பில் குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே வரை பெட்ரோல் ஊற்றி, ஒரு காகிதத்தின் மேல் உயர்த்திப் பிடியுங்கள். அடிமுனையில் சொட்டினால் விரிசல் உறுதி. நன்றாகக் கழுவி, பெட்ரோல் வாடை போகக் காயவைத்த பிறகு பற்றவைக்கலாம், அல்லது கப்பை மாற்றலாம்.

சுத்தம் செய்தல்

எல்லா ரப்பரையும், ஃப்ளோட்டையும் எடுத்துவிட்டுத்தான் கிளீனர் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஒரு துவாரத்தில் அடித்தால் இன்னொன்றின் வழியாக நேராகக் கண்ணுக்குத்தான் வரும். பெட்ரோல் போகும் நுண்துளையுள்ள பித்தளைத் திருகுகளான ஐட்லிங் ஜெட்டையும் மெயின் ஜெட்டையும் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் வட்டமான துளி ஒளி தெரிய வேண்டும். கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். மெல்லிய நைலான் தூண்டில் நரம்பு போதும். காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்குரூவைக் கழற்றும் முன், அது முழுதாக மூட எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள்.

கேஸ்கட் உப்பிப்போய்ப் பள்ளத்தில் உட்காராவிட்டால் ஒரு நாள் காற்றில் போட்டுவையுங்கள், பல நேரம் பழைய அளவுக்குச் சுருங்கும். இறுகி வெடித்திருந்தால் மாற்றுங்கள். கேஸ்கட் பேஸ்ட் தடவுவது மட்டும் வேண்டாம். பெட்ரோலில் அது கரைந்து துணுக்குகளாக ஜெட்டுக்குள் போகும்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் சேலத்துக்கு இறங்கும் முன் பட்டியல் போட்டுக்கொள்வது நல்லது: ஃப்ளோட் நீடில், கப் கேஸ்கட், வடிகால் ஸ்குரூ ஓ-ரிங், டேப் வாஷர், பெட்ரோலுக்கென்றே செய்த ஹோஸ், கிளிப், ப்ளக், தேவைப்பட்டால் ஆயில். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தண்ணீர் மட்டக் குழாய் சீக்கிரம் இறுகி வெடிக்கும், அதை நிரந்தரமாக மாட்டாதீர்கள். பழைய கார்பரேட்டரையே பையில் போட்டு எடுத்துப் போய்க் கடையில் வைத்து ஒப்பிடுங்கள். வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் ஒரு மில்லிமீட்டர் நீளமான நீடில் கையில் வரும், அதற்காக இன்னொரு முறை மலை இறங்க வேண்டியிருக்கும். ஓ-ரிங்குகளை விட்டான் ரப்பரில் கேளுங்கள், எத்தனாலைத் தாங்கும்.

மட்டம் பார்த்தல்

நீடிலையும் ஃப்ளோட்டையும் மாட்டி, கார்பரேட்டரைத் தலைகீழாகப் பிடியுங்கள். ஃப்ளோட்டின் எடையே நீடிலை மூட வேண்டும். பெட்ரோல் வரும் முனையில் சுத்தமான குழாயை மாட்டி ஊதுங்கள், உறிஞ்ச வேண்டாம். காற்று போகக் கூடாது. ஃப்ளோட்டை விரலால் தூக்கினால் போக வேண்டும்.

பிறகு கார்பரேட்டரை மெல்லச் சாய்த்து, ஃப்ளோட்டின் நாக்கு நீடிலின் ஸ்பிரிங்கை அமுக்காமல் தொட்டு மட்டும் நிற்கும் நிலைக்குக் கொண்டு வாருங்கள். கேஸ்கட் இல்லாத பரப்பிலிருந்து ஃப்ளோட்டின் விளிம்பு வரை உயரத்தை அளந்து, உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். இது மாடலுக்கு மாடல் மாறும். இன்னொரு வண்டியின் அளவு உதவாது. வித்தியாசம் இருந்தால் உலோக நாக்கை மயிரிழை அளவுக்கு வளையுங்கள். பிளாஸ்டிக் நாக்கை வளைக்க முடியாது.

மாட்டும் முன் சோதனை

கப்பை மாட்டி, ஸ்குரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அலுமினிய மரை, பலத்தைக் காட்டினால் பிய்ந்துவிடும். வண்டியில் பொருத்தாமல், கார்பரேட்டரை ஒரு பழைய தட்டின் மேல் நிமிர்ந்து நிற்க வைத்து, உயரத்தில் தொங்கும் ஒரு சிறு கேனிலிருந்து குழாய் வழியாகப் புதுப் பெட்ரோல் கொடுங்கள். அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். தட்டு காய்ந்திருந்தால் மாட்டலாம்.

இந்த இடைவேளையில் டேங்கைக் கவனிக்கலாம். காலி செய்து, டேப்பைக் கழற்றி, அதன் மேல்முனை வலையைக் கழுவுங்கள். லேசான துருவுக்கு எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) சுடுதண்ணீரில் கரைத்து ஒரு இரவு ஊறவைத்து, மறுநாள் சமையல் சோடா தண்ணீரால் அலசி, நன்றாகக் கழுவி, உடனே வெயிலில் முழுதாகக் காயவைக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் அன்றே மறுபடி துரு ஏறும். வடித்த பழைய பெட்ரோலைச் சாக்கடையிலோ காபித் தோட்டத்து மண்ணிலோ கொட்டாதீர்கள். பாகங்கள் கழுவப் பயன்படும் என்று பட்டறையில் வாங்கிக்கொள்வார்கள்.

ஸ்லைடை உள்ளே விடும்போது அதன் பக்கவாட்டுப் பள்ளம் உடலில் உள்ள முளையில் உட்கார வேண்டும்; வெட்டுப்பகுதி ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் ஆக்சிலரேட்டரைத் திருகி விடுங்கள். டக்கென்று தானாக மூட வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் பாருங்கள். மூடாவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள்.

முதல் ஓட்டம்

சேலத்தில் அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கம் சமதளத்தில் கொஞ்சம் ஓட்டிவிட்டு, நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறலாம். சேலம் பக்கத்துப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஃப்ளோட் மட்டத்துக்கு நல்ல பரீட்சை. ஏறும்போது வண்டி மூக்கைத் தூக்குவதால் கப்பில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும், மட்டம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் ஓவர்ஃப்ளோ காட்டிக்கொடுத்துவிடும். இறங்கும்போது ஆக்சிலரேட்டர் மூடியே இருக்கும், பெட்ரோல் அதிகம் செலவாகாது, கப் நிரம்பியே நிற்கும். அரைகுறை நீடில் அப்போதுதான் அகப்படும். அடிவாரத்துக்கு வந்ததும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

மேலே போனதும் வண்டி மந்தமாகி, ப்ளக் கறுத்தால் கசிவு என்று பயப்பட வேண்டாம். காற்று அடர்த்தி குறைவதால் கலவையில் பெட்ரோல் விகிதம் கூடுகிறது, அவ்வளவுதான். ஒருநாள் போய் வருவதற்காக எதையும் மாற்றாதீர்கள். வண்டி ஏற்காட்டிலேயே இருக்கப் போகிறதென்றால் ஸ்லைடு நீடிலின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே மாற்றிப் பார்க்கலாம்.

மறுபடி நிறுத்தப் போகிறீர்களா? டேப்பை மூடிவிட்டு என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள், மிச்சத்தை வடிகால் ஸ்குரூ வழியாக இறக்குங்கள். ஒரு மழைக்காலம் மட்டும் என்றால் டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, உள்ளே ஈரக்காற்றுக்கு இடமில்லாமல் செய்யுங்கள். அதைவிட நீண்ட காலம் என்றால் டேங்கைக் காலி செய்து, காயவைத்து, உள்ளே கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டுச் சுழற்றி வையுங்கள். திரும்ப ஓட்டும் முன் அந்த ஆயிலைக் கொஞ்சம் பெட்ரோலால் அலசி வெளியே எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் ஷீட்டை இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தித் துணியோ சாக்கோ போர்த்தினால் காற்றுப் போய் வரும்.